ரிங் ரோட்டில் நின்ற பஞ்சவர்ணம்

பஞ்சவர்ணக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் உட்காருவார்தான், அதைச் சொல்லவில்லை. எங்கள் கிளப் ஆடுகிறபோது மைதானத்து ஓரத்தில் அவர் உட்கார்ந்ததை மைசூரில் ஒருவரும் கண்டதில்லை. விசில் ஊதியதும் கோட்டுக்கு வெளியே நடக்க ஆரம்பித்துவிடுவார். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவரும் போவார். லைன்ஸ்மேன்கள் அவரை இடித்துவிடாமல் ஓடப் பழகிக்கொண்டார்கள். இடைவேளையில் பையன்கள் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டு புல்லில் கிடக்கும்போதும் அவர் கால்கள் ஓயாது.

"அக்கா, சித்த நேரம் குந்துங்கக்கா" என்று கேட்டால், "குந்துனா கோலு உழுந்துரும்" என்பார். நடந்தாலும் எங்களுக்குக் கோல் விழத்தான் செய்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர். இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். வீடு கட்டுகிற இடங்களில் கூரைக்குக் கான்கிரீட் போடும் பெண்களுக்கு மேஸ்திரி. அந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. காலையில் கலவை மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டால் கூரை முடிகிறவரை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால், விட்ட இடத்தில் பின்னால் மழைத் தண்ணீர் ஒழுகும். அதனால் மழையோ வெயிலோ, சட்டி கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தொழிலால் அக்கா அப்படி ஆனாரா, அப்படிப்பட்டவர் என்பதால் இந்தத் தொழிலுக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது.

நான் சீனு. நஞ்சன்கூடு ரோட்டில் பிஸ்கட் ஃபாக்டரியில் பேக்கிங் பிரிவு. கிளப்புக்குப் பொருளாளர். பொருள் என்று ஒன்று இருந்ததேயில்லை என்பதால் வேலை சுலபம். ஆட்டக்காரன் இல்லை. என் வயிற்றைப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை.

எங்கள் கிளப்பின் பெயரைக் கேட்டால், எந்த வருஷத்துப் பெயர் என்று நான் திருப்பிக் கேட்பேன். முதலில் அது மில் காலனி யூத் கிளப். மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், ஷிஃப்ட் சங்கு ஊதியதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், ஆரம்பித்தது. மில்லை மூடினார்கள். ஒரு லாரி முதலாளி வந்து, ஷூ வாங்கித் தருகிறேன், என் அம்மா பெயரை வையுங்கள் என்றார். கமலம்மாள் டிரான்ஸ்போர்ட் எஃப்.சி. ஆனோம். எதிரணிக்காரர்கள் எங்களைக் 'கமலம்மா, கமலம்மா' என்று கூப்பிட்டுக் கோல் போட்டார்கள். அவருக்குப் பிறகு மகன்கள் லாரியை விற்றார்கள், எங்களையும் விட்டார்கள். அடுத்து ஒரு லேஅவுட்காரர். கிரீன் மெடோஸ் எஃப்.சி. என்று பெயர் வைத்து, நாங்கள் பிராக்டிஸ் பண்ணிக்கொண்டிருந்த மைதானத்தையே அளந்து கல் நட்டு சைட் போட்டு விற்றார். பூமி பூஜைக்கு ஜெர்சி போட்டுக்கொண்டு வரச் சொன்னார், நாங்களும் போய் நின்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு வந்தோம். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது நாங்கள் பூந்தேர் ஊதுபத்தி எஃப்.சி. காலனியில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. 'நம்ம கிளப்' அவ்வளவுதான்.

பெயர் மாறும்போதெல்லாம் பஞ்சவர்ணக்கா பழைய பெயரின் மேலேயே புதுத் துணியை வைத்துத் தைத்துவிடுவார். பிரித்துத் தைக்க அவருக்குப் பொறுமை ஏது? அதனால் எங்கள் பழைய ஜெர்சிகளின் நெஞ்சுப் பக்கம் கனமாக இருக்கும். வெயிலில் ஓடுகிறவர்கள் திட்டுவார்கள்.

அவர் கிளப்புக்கு வந்த கதையைக் காலனியில் எல்லோரும் சொல்வார்கள். அவர் கணவர் அய்யாசாமி அண்ணன் அப்போது கோல்கீப்பர். சாதுவான மனிதர். பெண்டாட்டி பேசும்போது சிரிப்பார், வேறு யார் பேசினாலும் சிரிப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சோறு கொண்டுபோன பஞ்சவர்ணக்கா, கோட்டுக்கு மேலேயே அண்ணன் அமுக்கிப் பிடித்த பந்தை ரெஃபரி கோல் என்று விசில் அடித்ததைப் பார்த்தார். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தார். நேராக மைதானத்துக்குள் போய் பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கோட்டின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "பந்து இந்தக் கோட்டத் தாண்டலீங்க. தாண்டுச்சுன்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்க, எந்திரிக்கிறேன்." ரெஃபரி சத்தியம் பண்ணவில்லை. கோலையும் மாற்றவில்லை. கடைசியில் அண்ணன்தான் கெஞ்சிக் கூட்டிவந்தார். மைதானத்தில் அக்கா உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அப்போது பிறந்திருக்கவில்லை.

பிறகு மில் மூடியபோது கிளப்பைக் கலைத்துவிடலாம் என்று ஆண்கள் கூடி டீ குடித்துப் பேசினார்கள். அக்கா வந்து கேட்டார், "ஜெர்சியெல்லாம் யாரு ஊட்டுல கெடக்குது? என்ற ஊட்டுல. தொவைக்கிறது யாரு? நானு. அப்பறம் கலைக்கிறதுக்கு நீங்க யாரு?" அன்றிலிருந்து அவர்தான் செக்ரட்டரி. தேர்தல் எல்லாம் நடந்ததில்லை.

இந்த வருஷம் வந்த கண்டத்தைச் சொல்கிறேன். ஆள் சேராமல் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் அதற்கு வாக்ஓவர் என்று பெயர். ஒரே சீசனில் இரண்டு வாக்ஓவர் கொடுத்த கிளப்பை எங்கள் லீக் நீக்கிவிடும். நீக்கினால் திரும்பி உள்ளே வரச் சொந்த மைதானம் காட்ட வேண்டும் என்று புது விதி. எங்கள் மைதானத்தில்தான் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றனவே. ஆக, இரண்டாவது வாக்ஓவர் என்றால் கிளப்புக்குச் சங்கு.

முதல் வாக்ஓவரை ஆனி மாதக் கடைசியிலேயே கொடுத்துவிட்டோம். எங்கள் பையன்கள் பாதிப் பேர் கட்டட வேலை, பெயின்ட் வேலை. அப்பா அம்மா சேலம், தர்மபுரிப் பக்கம். ஊர்த் திருவிழா என்றால் மேட்சாவது மண்ணாவது, ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நாலு பேர். அக்கா அந்த நாலு பேரையும் திட்டித் தீர்த்தார், வராதவர்களைத் திட்ட முடியாததால்.

கடைசி ஆட்டம் ஆடி மாதத்தில், ஒரு சனிக்கிழமை, மைசூரிலேயே. ஆடியில் சொல்ல வேண்டுமா, ஊருக்கு ஊர் திருவிழா. இந்தத் தடவை ஒருத்தனும் இருக்க மாட்டான் என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா ஒரு வேலை செய்தார். காலனி மாரியம்மன் கோயிலில் சண்டை காரணமாகச் சில வருஷமாகத் திருவிழா நின்றுபோயிருந்தது. அந்தக் கமிட்டியில் போய் நின்று, இந்த வருஷம் நடத்தியே தீர வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. அடுத்த ஞாயிறு தீக்குண்டம். நடுவிலே வருகிற சனிக்கிழமைதான் மேட்ச்.

புரிகிறதா? குண்டம் மிதிக்க நேர்ந்துகொண்டவன் மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டிக்கொள்வான். கட்டிவிட்டால் குண்டம் முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் கேப்டன் செந்தில்நாதனில் ஆரம்பித்து நன்றாக ஆடுகிற அத்தனை பேரையும் கூப்பிட்டு, "அம்மனுக்கு வேண்டிக்கிட்டு காப்புக் கட்டுங்க, எல்லாம் நல்லா வரும்" என்று கட்டவைத்தார். ஒருத்தனும் பஸ் ஏற முடியாது. முதல் காப்பை அவரே கட்டிக்கொண்டார்.

எல்லை எது என்பதில்தான் கொஞ்சம் பேச்சு வந்தது. பழைய எல்லை வாய்க்கால்மேட்டுப் புளியமரம். அதைத் தாண்டாமல் இன்றைக்கு மைசூரில் எவனால் வேலைக்குப் போக முடியும்? பூசாரி பழனிமுத்து தலையைச் சொறிந்தார். அக்காதான், "ரிங் ரோட்ட வெச்சுக்கலாமுங்க. ஊரச் சுத்திப் போகுதில்ல. அதுக்குள்ளார எங்க வேணாலும் போலாம், அந்தப் பக்கம் கால் வெக்கக் கூடாது" என்றார். ரிங் ரோட்டுக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் காப்புக் கட்ட வேண்டாம், அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று பூசாரியும் சொன்னார். ஆக, நான் தப்பித்தேன். குண்டலுபேட்டைக்குத் தினமும் டெம்போ ஓட்டிப் போய்க் காய்கறி ஏற்றிவருகிற அய்யாசாமி அண்ணனும் கட்டவில்லை.

வியாழக்கிழமை லீக் ஆபீசிலிருந்து மனோஜ்குமார் போன் செய்தார். மைசூர் மைதானத்தில் ஏதோ விழாவுக்கு மேடை போட்டுவிட்டார்கள், மேட்சை எதிரணி ஊருக்கே மாற்றிவிட்டோம் என்றார். எதிரணி ஊர் குண்டலுபேட்டை.

அக்கா கான்கிரீட் வேலையில் இருந்தார். நான் அங்கேயே போய்ச் சொன்னேன். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, சட்டி கை மாறிக்கொண்டிருந்தது. அவர் காப்புக் கட்டின கையைப் பார்த்தார். பிறகு சாரத்துக்கும் மணல் குவியலுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தார்.

மனோஜ்குமாரிடம் என்னவெல்லாமோ பேசிப் பார்த்தோம். தேதி மாற்றக் கேட்டோம். சீசன் முடிகிறது, வேறு நாள் இல்லை. நல்ல மனிதர்தான். "ரூல் மேடம், நான் ஏன் மாட்லி" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார், நான் என்ன செய்யட்டும் என்று.

அன்று சாயங்காலம் கோயிலில் கூடினோம். செந்தில்நாதன்தான் ஆரம்பித்தான். "அக்கா, டென்ஷன் மாட்கோபேடி, பதறாதீங்க. எல்லைய நாமதானே ஃபிக்ஸ் பண்ணோம்? குண்டலுபேட்டை வரைக்கும் எல்லைனு சொல்லிடலாம். முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எல்லோருடைய முகத்திலும் ஆசை தெரிந்தது, என் முகத்திலும்தான். பூசாரியும், "வேணும்னா அம்மன்கிட்ட பூ வெச்சுக் கேட்டுப் பாக்கலாம்மா. வலப்பக்கம் விழுந்துச்சுன்னா உத்தரவு" என்றார்.

பஞ்சவர்ணக்கா நடையை நிறுத்தாமலே பேசினார். "வேண்டாமுங்க. பசங்கள ஊருக்குப் போக வுடாம மடக்கறதுக்கு நாந்தான் அந்தக் கோட்டப் போட்டேன். இப்ப எனக்கு வேணும்ங்கறப்ப நானே தள்ளிப் போட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரெஃபரிகிட்டப் போயி பந்து கோட்டத் தாண்டலைன்னு சண்ட போடுவேன்? போட்டது போட்டதுதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பிடிவாதத்தைத் தூக்கி அடுப்பில் போட என்று மனசுக்குள் திட்டினேன். 

விதிப்படி ஆட்டம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நடுவில் யாராவது அடிபட்டோ, சிவப்பு அட்டை வாங்கியோ ஏழுக்குக் கீழே போனால் ஆட்டம் அங்கேயே நிற்கும். லீக் கணக்கில் அதுவும் வாக்ஓவர்தான். பதிவுள்ள ஆட்டக்காரர்களில் காப்புக் கட்டாதவர்கள் யார் என்று எண்ணினோம். எப்போதும் பெஞ்சில் உட்காருகிற ஆறு பேர் தேறினார்கள், எல்லோரும் நஞ்சன்கூடு பக்கத்து ஃபாக்டரிகளில் வேலை. ஏழாவது ஆள் இல்லை.

"இருக்கறாரு" என்றார் அக்கா.

பழக்கதோஷத்தில் வருஷா வருஷம் அவர் அய்யாசாமி அண்ணனின் பதிவையும் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒட்டியிருந்த போட்டோவில் அண்ணனுக்குக் கன்னங்கரேலென்று சுருட்டை முடி. அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பஞ்சு, முட்டி வலிக்குது புள்ள. டெம்போ கிளட்சே மிதிக்க முடியல."

"ஓடச் சொன்னனுங்களா? கோலுல நிக்கத் தெரியுமில்ல? நின்னாப் போதும். உழுகறது எத்தன வேணாலும் உழுகட்டும். ஏழு பேரும் கடைசி வரைக்கும் நின்னீங்கன்னா கிளப்பு இருக்கும்."

சனிக்கிழமை டெம்போவின் பின்னால் ஆறு பேர் ஏறினார்கள். அக்காவும் ரிங் ரோடு வரை ஏறி வந்தார், நின்றுகொண்டேதான். செந்தில்நாதனும் காப்புக் கட்டின பையன்களும் மஞ்சள் வேட்டியோடு பைக்குகளில் கூடவே வந்தார்கள். ஊட்டி ரோடு ரிங் ரோட்டைக் கடக்கிற சிக்னலுக்கு முன்னால் வண்டி நிற்பதற்குள் அக்கா குதித்து இறங்கினார்.

"எவனும் வாயத் தொறக்கக் கூடாது. செவப்பு அட்டை வாங்குனவன் காலனிக்குள்ள வந்துராதீங்க. சீனு, போன வெக்காத. என்ன நடந்தாலும் சொல்லிக்கிட்டே இரு." பிறகு அண்ணனிடம் போனார். ஜெர்சியின் கழுத்துப் பட்டையை மட்டும் இழுத்துச் சரிசெய்தார். அந்த ஜெர்சியில் நாலு பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

குண்டலுபேட்டையில் தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏழு பேராக இறங்கியதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு 'ஊதுபத்தி, ஊதுபத்தி' என்று கூட்டம் கத்தியது. எங்கள் திட்டம் ரொம்ப எளிது. ஏழு பேரும் கோலுக்கு முன்னால் கூட்டமாக நிற்பது. முதல் பாதியில் ஆறு கோல் விழுந்தது. நான் கோட்டோரமாக ஓடி ஓடிப் போனில் சொன்னேன். மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நான் ஓடியதில்லை.

"எத்தனையோ உழுகட்டும். எத்தன பேரு நிக்கறாங்க?"

"ஏழு பேரு, அக்கா."

"அதச் சொல்லு."

அந்தப் பக்கம் ரிங் ரோட்டில் என்ன நடந்தது என்று செந்தில்நாதன் பிறகு சொன்னான். சிக்னலில் இருந்து பஞ்சர் கடை வரை, பஞ்சர் கடையிலிருந்து சிக்னல் வரை. போனைக் காதில் வைத்தபடி அக்கா முன்னால், மஞ்சள் வேட்டி கட்டிய பத்துப் பதினைந்து பேர் பின்னால். டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்து, பர்மிஷன் இல்லாமல் என்ன போராட்டம் என்று கேட்டிருக்கிறார். செந்தில்நாதன் விஷயத்தைச் சொன்னதும், "ஸ்கோர் எஷ்டு?" என்று, எத்தனை கோல் எனக் கேட்டாராம். சொன்னதும் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாராம்.

இரண்டாம் பாதியில் மழை வலுத்தது. ஒருத்தனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. விழப்போனவனை இன்னொருத்தன் பிடித்து நிறுத்தினான். ஒருத்தனை எதிரணிக்காரன் ஏதோ சொல்ல, இவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. பெஞ்சைத் தேய்த்தே காலம் தள்ளியவர்கள் என்று நானே எத்தனையோ தடவை கேலி செய்த பையன்கள்.

பதினோரு கோல் ஆகியிருந்தது. அப்போது அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் மூலையைப் பார்த்து ஒரு பந்து அடித்தான். விட்டிருந்தால் பன்னிரண்டு, அவ்வளவுதான். அய்யாசாமி அண்ணன் விடவில்லை. என்ன நினைத்தாரோ, வழுக்கைத் தலையோடு பக்கவாட்டில் பாய்ந்தார். பந்தைப் பிடித்தார். நிஜமாகவே பிடித்தார். குண்டலுபேட்டைக் கூட்டம் எழுந்து கைதட்டியது.

அவர் எழுந்திருக்கவில்லை.

பந்தை நெஞ்சோடு அணைத்தபடி சேற்றில் கிடந்தார். ரெஃபரி விசில் அடித்துவிட்டு ஓடினார். தண்ணீர் பாட்டிலோடு என்னை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார். முழங்கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.  ரெஃபரி குனிந்து, ஆட முடியுமா, முடியாதென்றால் ஆட்டத்தை முடித்துவிடுகிறேன் என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். ஒருத்தனும் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீனு, ஏன் சத்தத்தையே காணோம்?" போனில் அக்கா.

"அண்ணன் விழுந்துட்டாருக்கா. முட்டி. எந்திரிக்க முடியல."

அந்த நேரத்தில்தான் அக்கா நடப்பதை நிறுத்தினார் என்று செந்தில்நாதன் சொன்னான். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் இடித்துக்கொண்டார்களாம்.

எழுந்திருக்கச் சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம்தான், கம்பத்தைப் பிடித்தாவது நிற்கச் சொல்லு என்று கத்தப்போகிறார் என நினைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மாமா." அவர் அண்ணனை அப்படிக் கூப்பிட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. "மாமா, எந்திரிக்காதீங்க. போதும். வெளிய வந்துருங்க. கிளப்பு போனாப் போவுது. எனக்கு நீங்க முழுசா வந்து சேரோணும், அவ்வளவுதான். கேக்குதுங்களா?"

குரல் உடைந்திருந்தது. முப்பது வருஷமாக இந்தக் கிளப்புக்காக ஊரோடு சண்டை போட்டவர், ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார். 

அண்ணன் போனைக் கையில் வாங்கினார். சேறு அப்பின முகத்தில் அந்த வழக்கமான சிரிப்பு இல்லை.

"பஞ்சு, நீ செத்த சும்மா இரு" என்றார். பெண்டாட்டியை அவர் அப்படி அதட்டியதும் அதுதான் முதல் தடவை. "கோட்டுக்கு அந்தப் பக்கம் நீ நின்னுக்கிட்ட இல்ல? இந்தப் பக்கம் நான் நின்னுக்கறேன்."

போனை என்னிடம் நீட்டினார். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தார், இன்னொரு கையால் என் தோளைப் பிடித்தார். எழுந்து நின்றார். ரெஃபரி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் அசையவே இல்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். இன்னும் மூன்று கோல் அவரைத் தாண்டிப் போனது. குண்டலுபேட்டைக்காரர்கள் போட்டுவிட்டுக் கொண்டாடக்கூட இல்லை. கடைசி விசில் அடித்தபோது மைதானத்தில் எங்கள் பையன்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்தேன், எண்ணத் தேவையில்லாமலே.

திரும்பும்போது டெம்போவை நான் ஓட்டினேன். ரிங் ரோடு சிக்னலுக்கு முன்னாலேயே, "வண்டிய இங்கியே நிறுத்து" என்றார் அண்ணன்.

"எதுக்குண்ணா? வீட்டுக்கே போயிடலாம்."

"நிறுத்துப்பா."

ரோட்டின் மறுகரையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். பின்னால் மஞ்சள் வேட்டிக் கூட்டம். நாங்கள் இறங்குவதைப் பார்த்ததும் ஓடிவரக் கால் எடுத்தவர், தார் தொடங்குகிற இடத்தில் பிரேக் போட்டு நின்றார். அண்ணன் என் தோளில் கையைப் போட்டு ஒவ்வோர் அடியாக ரோட்டைக் கடந்தார். டிராஃபிக் போலீஸ்காரர் இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்திப் பிடித்தார். அவ்வளவு நேரமும் அக்கா அசையாமல் நின்றார். கால் இரண்டும் எல்லைக்குள், கை இரண்டும் வெளியே நீட்டியபடி.

கைக்கு எட்டியதும் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"பதினாலு கோலு வுட்டுப்போட்டு வந்து சிரிப்பு வேறயா?"

"நடுவுல ஒண்ணு புடிச்சனே, அதச் சொல்ல மாட்ட?"

அண்ணனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ரோட்டோரத்துக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தார். பையன்கள் ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். ஜெர்சி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஊதுபத்திக்கு அடியில் கிரீன் மெடோஸின் பச்சை எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

பஞ்சவர்ணக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அண்ணனின் வீங்கின காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ வந்து ஹாரன் அடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.